எல்விஏடிக்குத் தமிழில் என்ன சொல்வது? "துணையெக்கி"க்கு என் வாக்கு

வணக்கம்.

இழையை முழுக்கப் படித்தேன். எல்விஏடிக்கு (தளர்ந்த இதயத்தின் இடது கீழறைக்கு உதவ உடலுக்குள் பொருத்தும் கருவி, LVAD) இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செயற்கை இதயம், இதய உதவிக் கருவி, இடது கீழறைத் துணைச்சாதனம். எக்ஸ்ரே, சி.டி. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த அறிக்கையைத் தமிழில் எழுதினால் இந்தச் சொற்கள் தாங்குமா என்றுதான் நான் பார்க்கிறேன்.

> செய்திகளில் செயற்கை இதயம் என்றே பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. செயற்கை இதயம் என்று வேறொன்று நிஜமாகவே இருக்கிறது. சின்கார்டியா என்ற பெயரில் வரும் வகையில் இரண்டு கீழறைகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருவியை வைக்கிறார்கள். எல்விஏடி வைத்தவருக்குச் சொந்த இதயம் உள்ளேயே இருக்கிறது. இடது கீழறையின் நுனியில் செருகிய குழல் வழியாகக் குருதியை உறிஞ்சி, பெருந்தமனியின் ஏறுபகுதியில் கொண்டுபோய் விடுகிறது கருவி, அவ்வளவுதான். வலது பக்கத்துக்கு அதனிடமிருந்து உதவி கிடையாது. நுரையீரலுக்குக் குருதியை அனுப்புவது நோயாளியின் சொந்த வலது கீழறைதான், அது தளர்ந்துவிட்டால் இடது பக்கத்துக்கு வந்து சேரும் குருதியே குறைந்துபோகும், கருவி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. அதனால்தான் எக்கோவில் (ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) கருவியைப் பார்க்கிற அளவுக்கு இதயத்தையும் பார்க்கிறோம். வலது கீழறை வீங்கியிருக்கிறதா, பெருந்தமனி வால்வு அவ்வப்போதாவது திறக்கிறதா, இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் முக்கியம். சுவர் இடப்பக்கம் இழுபட்டிருந்தால் கருவி அளவுக்கு மீறி உறிஞ்சுகிறதோ, வலப்பக்கம் தளர்ந்துவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். வலப்பக்கம் பிதுங்கியிருந்தால் இடது கீழறை சரியாகக் காலியாகவில்லை என்று சந்தேகப்படுவோம். கருவியின் சுழற்சி வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே எக்கோ எடுப்பதும் இதற்காகத்தான். "செயற்கை இதயம்" என்று எழுதிவிட்டால், படிக்கிற நோயாளியின் வீட்டார் பழைய இதயம் போய்விட்டது என்றுதானே நினைப்பார்கள்?

"இதய உதவிக் கருவி"யில் பிழை இல்லை, ஆனால் பேஸ்மேக்கரும் இதயத்துக்கு உதவுகிற கருவிதான். இரண்டும் ஒரே நோயாளியின் எக்ஸ்ரேயில் அருகருகே தெரிவது உண்டு. அறிக்கையில் எதை எதென்று சொல்வது?

அப்புறம், "துணைச்சாதனம்". பொருள் சரி, ஆனால் அது என்ன செய்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. எல்விஏடி வகைகளில் ஹார்ட்மேட் 2 ஆனாலும், காந்தவிசையில் மிதந்தபடி சுழலும் ஹார்ட்மேட் 3 ஆனாலும் செய்கிற வேலை ஒன்றுதான்: குருதியை எக்கி அனுப்புவது. வயிற்றை எக்குவது என்று நாம் பேச்சில் சொல்கிறோம், தண்ணீர் பம்புக்கு நீரெக்கி என்ற சொல்லும் ஏற்கெனவே இருக்கிறது. எனவே என் பரிந்துரை இடது கீழறைத் துணையெக்கி. பேச்சில் வெறும் துணையெக்கி போதும்.

கருவியின் உறுப்புகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவது நல்லது. துணையெக்கி வைத்தவர்களுடைய மார்பு எக்ஸ்ரேயை நினைத்துப் பாருங்கள். இதய நிழலின் கீழ்நுனியில் வெள்ளைவெளேரென்று எக்கியின் உலோகக் கூடு, அதிலிருந்து ஈரிதழ் வால்வைப் பார்த்தபடி உள்வாங்குகுழல், கீழே வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே போகும் இயக்குவடம். ஆனால் எக்கியிலிருந்து பெருந்தமனிக்கு ஏறும் வெளியேற்றுக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது. அது நெய்த பாலியெஸ்டர், எக்கியை ஒட்டிய பகுதியில் இருக்கும் உலோகம் மட்டும்தான் தெரியும். அந்தக் குழாய் மடங்கியிருக்கிறதா, குருதி உறைந்த கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சாயம் செலுத்திச் சி.டி. எடுக்க வேண்டும். ஹார்ட்மேட் 3இல் இந்தக் குழாய் முறுக்கிக்கொள்ளக்கூடும் என்று 2018இல் எச்சரிக்கையே வந்தது. சி.டி.யிலும் உலோகத்தைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாகப் பொய்நிழல் விழும், அதற்குள் புகுந்துதான் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இவர்களுக்குக் கூடவே கூடாது. இந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதி நோயாளி கையில் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும்.

> பெருந்தமனிக்குள் வைக்கும் பலூனையும் துணையெக்கி என்றே சொல்லலாமா?

கூடாது என்பது என் கருத்து. அந்தப் பலூன் குருதியை உறிஞ்சுவதில்லை. இதயம் விரியும்போது ஹீலியம் நிரம்பி உப்புகிறது, சுருங்கும்போது அடங்குகிறது. எக்ஸ்ரேயில் நாங்கள் தேடுவதும் வேறு: அதன் நுனியிலுள்ள சிறு உலோகக் குறி, இடது கைக்குப் போகும் தமனி பிரியும் இடத்தைத் தாண்டிச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் அந்தத் தமனியை மறைக்கும், கீழே இறங்கினால் சிறுநீரகத் தமனிகளை மறைக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாகக் குருதியோட்டத் துணைக்கருவி, அதற்குக் கீழே துணையெக்கி, துணைப்பலூன் என்று பிரிக்கலாம். தமனி வழியாக உள்ளே செலுத்தும் சிறு எக்கியான இம்பெல்லா, பெருந்தமனி வால்வின் குறுக்கே நின்று சுழன்று எக்குவதால் துணையெக்கிப் பக்கம்தான் வரும். குருதியை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவில் நுரையீரலின் வேலையும் சேர்ந்திருப்பதால் அதைத் தனி இழையில் பேசுவோம்.

இந்தச் சொற்கள் இலங்கையிலும் ஒத்துவருமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய கேள்விதான் கடினமானது. இலங்கைப் பாடநூலில் கீழறை என்பது இதயவறை, தமனி என்பது நாடி, பம்பு என்பது பம்பி. இதில் நாடிதான் என்னை உறுத்துகிறது. துணையெக்கி குருதியை இடைவிடாமல் ஓட்டுவதால் பலருக்கு மணிக்கட்டில் துடிப்பே தட்டுப்படாது, குருதியோட்டத்தை ஒலியலையால் கண்டறியும் டாப்ளர் வைத்துத்தான் இரத்த அழுத்தம் பார்க்கிறோம். "நாடி தெரியவில்லை" என்ற வரியைத் தமிழ்நாட்டில் படிப்பவர் துடிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார், இலங்கையில் தமனியே படத்தில் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. எனவே அறிக்கையில் வெறும் நாடி என்று எழுதாமல், துடிப்பைச் சொல்லும் இடத்தில் நாடித்துடிப்பு என்றே எழுதுவோம், அது இரு பக்கமும் புரியும். கீழறை, இதயவறை இரண்டையும் பதிவில் இணையாகவே கொடுத்துவிடலாம். "இடது இதயவறைத் துணையெக்கி" அங்கே இயல்பாக ஒலிக்கிறதா, இல்லை துணைப்பம்பி என்றுதான் வாயில் வருமா என்று நண்பர் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.