வைரல் லோடு இல்லன்னு வருது, ஆனா சிடி4 இறங்கிக்கிட்டே போகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னார்குடி பையன்:
வணக்கங்க, சித்தப்பாவுக்காக கேக்குறேன். போன வருஷம் ஹெச்ஐவின்னு தெரிஞ்சுது, வீட்ல எனக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும். வெளில ஒரு பிரைவேட் டாக்டர்ட்ட காட்டி, எஃபாவிரென்ஸ் சேந்த மாத்திரை, தெனம் படுக்கப் போறப்ப ஒண்ணு, ஒருநாள் கூட விட்டதில்ல, சித்தியே எடுத்து கையில குடுத்துடும். வைரல் லோடு, அதான் ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு எண்ணுற டெஸ்ட், ரெண்டு தடவை எடுத்தாச்சு, ரெண்டுலயும் வைரஸ் தென்படலன்னு வந்துச்சு, சித்தி கோபாலன் கோயிலுக்குப் போயி வெளக்கு போட்டுட்டு வந்துச்சு. ஆனா சிடி4, அதான் எதிர்ப்பு சக்தி அணுக்களோட எண்ணிக்கை, மொதல்ல 340, அப்புறம் 270, போன வாரம் 198. போன குறுவைக்கு தானே வரப்பு வெட்டுன மனுசன், இப்ப வாய்க்கா தாண்டுனாலே மூச்சு வாங்குது. வைரஸே இல்லன்னா சிடி4 ஏன் கொறையுது?

கும்பகோணம் லேப்:
தம்பி, வைரல் லோடு பேப்பர்ல டெஸ்ட் பேரு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் ஹெச்ஐவில ரெண்டு டைப் இருக்கு, மொத மொதல்ல எடுத்த ரத்த டெஸ்ட்ல டைப் ஒண்ணா ரெண்டான்னும் பாத்து சொல்லுங்க.

மன்னார்குடி பையன்:
அந்த பழைய ரிப்போர்ட்ட சித்தி ரேஷன் கார்டு கவருக்குள்ள நாலா மடிச்சு வச்சிருந்துச்சு, மடிப்புல எழுத்து தேஞ்சு போச்சு, டார்ச் அடிச்சுதான் படிச்சேன். ஹெச்ஐவி-1 நான்-ரியாக்டிவ், அதாவது இல்ல, ஹெச்ஐவி-2 ரியாக்டிவ், அதாவது இருக்கு. வைரல் லோடு பேப்பர்ல ஹெச்ஐவி-1 ஆர்என்ஏன்னு இருக்கு.

கும்பகோணம் லேப்:
அதான் விஷயம். நம்ம பக்கம் சாதாரணமா போடுற வைரல் லோடு டெஸ்ட் டைப் ஒண்ண மட்டும்தான் எண்ணும். டைப் ரெண்டோட ஜீன் வரிசை வேற, அதனால உடம்புல டைப் ரெண்டு இருந்தாலும் மிஷின் இல்லன்னுதான் சொல்லும், நீங்க தேடுன ஆள் வேற, உள்ள இருக்குற ஆள் வேற. இன்னொண்ணு, டைப் ரெண்டுல ரத்தத்துல வைரஸ் எண்ணிக்கையே ரொம்ப கம்மி, அதுக்குன்னு இருக்குற டெஸ்ட்ல பாத்தாலும் மருந்து எடுக்காத நெறைய பேருக்கு ஒண்ணும் தெரியாது. டைப் ஒண்ணுல மருந்து இல்லாம இருந்தா ஆயிரக்கணக்குல லட்சக்கணக்குல இருக்கும், தொத்துன புதுசுல மில்லி ஒண்ணுக்கு பத்து லட்சத்த தாண்டிக்கூட போகும். டைப் ரெண்டு மெதுவா நகரும், அடுத்தவங்களுக்கு தொத்துறதும் கம்மி, அம்மாட்டேருந்து கொழந்தைக்கு போறதும் கம்மிதான். ஆனா மெதுவா நகர்றதால ஆபத்து இல்லன்னு நெனச்சுடாதீங்க, சிடி4 எறங்கிடுச்சுன்னா அதுவும் அதே எய்ட்ஸ்தான். அதனால டைப் ரெண்டுக்கு சிடி4தான் முக்கியமான கணக்கு, அது சரிஞ்சா நம்பணும்.

நம்பிக்கை மையம் அக்கா:
தம்பி, எனக்கு கவலையே அந்த மாத்திரைதான். எஃபாவிரென்ஸ், நெவிரபின் ரெண்டும் டைப் ரெண்டு மேல வேலையே செய்யாது, அந்த வைரஸோட என்சைம்ல அந்த மருந்து போய் உக்கார்ற குழியே வேற மாதிரி. மருந்து ஒழுங்கா சாப்பிட்டும் பலன் இல்லாம போனதுக்கு சித்தப்பா மேல தப்பே இல்ல, அத அவர்ட்ட வாய்விட்டு சொல்லுங்க, இந்த மாதிரி ஆளுங்க தன்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாளைக்கே கவர்மெண்ட் ஏஆர்டி சென்டருக்கு, அதான் ஹெச்ஐவி மருந்து குடுக்குற எடத்துக்கு, அந்த பேப்பரோட கூட்டிட்டு போங்க, ரெஃபரல் லேபுல டைப்ப உறுதி பண்ணுவாங்க, டோலுடெக்ராவிர் இருக்குற கூட்டு மருந்து டைப் ரெண்டுக்கும் கேக்கும், காசு கெடையாது. அது வரைக்கும் இருக்குற மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. 198ல மூச்சு வாங்குறத தள்ளிப்போடவே கூடாது, டிபி, நிமோனியா ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. சித்திக்கும் டெஸ்ட் எடுங்க. பேரு வெளில போயிடும்னு பயந்தீங்கன்னா, 2017லேயே சட்டம் வந்தாச்சு, சம்மதம் இல்லாம யாரும் வெளில சொல்லக் கூடாது. 1097, ஹெச்ஐவி ஹெல்ப்லைன், அதுக்கு போன் பண்ணுனா இலவசமா பேசுவாங்க.

திருத்துறைப்பூண்டி:
எனக்கு டைப் ஒண்ணு. மருந்துக்கு முன்னாடி ரெண்டு லட்சத்து சொச்சம் இருந்துச்சு, ஆறு மாசத்துல தென்படலன்னு வந்துச்சு, எனக்கு அந்த பேப்பர்தான் தைரியமே. ஒங்க சித்தப்பாவுக்கு அந்த பேப்பர் பேசாதுன்னு இன்னிக்குதான் எனக்கே தெரியுது. கூட போங்க தம்பி, தனியா அனுப்பாதீங்க.

மன்னார்குடி பையன்:
மூணு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க. மறுநாளே மொத பஸ்ல தஞ்சாவூர் போனோம். டைப் ரெண்டுதான்னு உறுதி ஆயிடுச்சு, மாத்திரைய மாத்திட்டாங்க, நெஞ்சு சளிக்கும் மருந்து குடுத்தாங்க, டிபி இல்ல. சித்திக்கு நெகட்டிவ். அக்கா சொன்னத சித்தப்பாட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல, ரொம்ப நேரம் என் கைய புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. முந்தாநேத்து சிடி4 251. நேத்து சொல்லாம கொள்ளாம வயலுக்கு போயி மடைய தொறந்துட்டு வந்திருக்காரு, சித்தி திட்டிக்கிட்டே காலுக்கு வெந்நி வச்சு குடுத்துச்சு.