போர் விமானம் வாங்க ஏன் இருபது ஆண்டுகள் செல்கின்றன?

பரந்தன் ஆசிரியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த வாரம் அரச கொள்கைகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "இந்தியா 126 போர் விமானங்கள் வாங்கப் புறப்பட்டு, இவ்வளவு காலம் பேசி, கடைசியில் 36 மட்டும் வாங்கியது ஏன் சேர்? பணம் இல்லையா, மனம் இல்லையா?" என்று கேட்டாள். நிதிப் பற்றாக்குறையும் ஊழல் குற்றச்சாட்டு பற்றிய அச்சமும் காரணங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றேன். அந்த விடை அவளுக்கும் போதவில்லை, வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கும் போதவில்லை. கனடாவும் சுவிற்சர்லாந்தும் பணமில்லாத நாடுகள் அல்ல. அங்கும் இதே இழுபறிதான் நடந்திருக்கிறது. கொள்வனவு நடைமுறையில்தான் கோளாறா, அல்லது தாமதிப்பதால் யாருக்காவது நன்மை இருக்கிறதா? விடயம் தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் அடுத்த வாரம் வகுப்பில் அவளுக்கு முறையாகப் பதில் சொல்ல முடியும்.

வவுனிக்குளம்:

ஆசிரியர் அவர்களுக்கு, இந்தியாவில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரில் மிராஜ் 2000 விமானங்கள் நன்றாகப் பயன்பட்டன. ஆகவே அதே வகையில் மேலும் 126 வேண்டும் என்பதே விமானப்படையின் முதல் விருப்பம். விமானிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் பழக்கமான விமானம் என்பதால் அது எளிய வழியாகவும் இருந்தது. ஆனால் ஒரே விற்பனையாளரிடம் போய்ப் பேரம் பேசுவது, 1987 இல் போபர்ஸ் பீரங்கிக் கொள்வனவில் தரகு கைமாறியது என்ற விவகாரம் வெடித்த பிறகு, எந்த அமைச்சருக்கும் எளிதாக இருக்கவில்லை. எனவே அது திறந்த போட்டியாக மாற்றப்பட்டு, 2007 ஓகஸ்டில் கேள்விப்பத்திரம் வெளியானது. ஆறு விமானங்கள் போட்டியிட்டன. 18 விமானங்களை முழுமையாகச் செய்து தர வேண்டும், மிகுதி 108 ஐயும் இந்திய அரசின் எச்.ஏ.எல். நிறுவனத்தில் தயாரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. லே குளிரிலும் ஜெய்சால்மர் வெயிலிலும் பறக்கவிட்டுச் சோதித்து, 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேல் குறைந்த விலைக்குரியது என்று தெரிவுசெய்தார்கள்.

உண்மையான தடை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தியத் தொழிற்சாலையில் செய்யப்படும் 108 விமானங்களின் தரத்துக்கும் பிரெஞ்சு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று டெல்லி கேட்டது. தன் கைக்குள் இல்லாத தொழிற்சாலையின் வேலைக்குத் தான் எப்படிப் பொறுப்பாவது என்று நிறுவனம் மறுத்தது. அதே வேலைக்கு இந்தியாவில் கூடுதலான மனித மணித்தியாலங்கள் தேவைப்படும் என்பதால் விலைக் கணக்கிலும் பிணக்கு எழுந்தது. 2014 பெப்ரவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோனி, அந்த நிதியாண்டில் இதற்குப் பணம் மிச்சமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி பாரிஸில் வைத்து 36 விமானங்களை நேரடியாக வாங்கப்போவதாக அறிவித்தார். 2016 செப்டெம்பரில் ஏறத்தாழ 7.87 பில்லியன் யூரோவுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் வந்து இறங்கியது 2020 ஜூலையில். கடைசி விமானம் வந்தது 2022 டிசம்பரில்.

இந்தக் காலம் முழுவதும் யார் யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கையெழுத்திடாத ஒவ்வொரு ஆண்டும் நிதியமைச்சுக்கு முற்பணம் மிச்சம். பாதுகாப்பு அமைச்சருக்குத் தன் பெயரில் ஊழல் குற்றச்சாட்டு இல்லாத ஓர் ஆண்டு. அரச தொழிற்சாலைக்குத் தன் பங்கைக் கூட்டிக் கேட்க அவகாசம். உள்நாட்டுத் தேஜஸ் விமானத்தை ஆதரிப்பவர்களுக்கு, "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நம்முடையதே வந்துவிடும்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு. நட்டம் முழுவதும் பழைய விமானத்தில் ஏறிப் பறந்தவர்களின் தலையில் விழுந்தது. 1963 இல் சேவைக்கு வந்த மிக்-21 வகை 2025 செப்டெம்பர் 26 அன்றுதான் ஓய்வுபெற்றது. 42 அணிகள் இருக்க வேண்டிய விமானப்படையில் அன்றைய தினத்துக்குப் பிறகு 29 அணிகளே மிஞ்சின. உங்கள் மாணவியிடம், தாமதம் பலருக்கு இலாபமாக இருந்தது, அந்த இலாபத்துக்குரிய விலையைச் செலுத்தியவர்கள் அந்த மேசையில் இருக்கவில்லை என்று சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 2025–26 பாதுகாப்பு ஒதுக்கீடு ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடி ரூபா. கேட்கும்போது கடல்போலத் தெரியும். ஆனால் அதில் புதிய தளபாடங்களுக்கான மூலதனச் செலவு 1.8 இலட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.6 இலட்சம் கோடி. கப்பல், டாங்கி, விமானம் எல்லாம் அந்த 1.8 க்குள்தான் ஒன்றோடொன்று முட்டிமோதுகின்றன.

கமக்காரன் மகன், மாங்குளம்:

வவுனிக்குளம் அண்ணா எழுதியதில் "பெயரில் ஊழல் குற்றச்சாட்டு இல்லாத ஓர் ஆண்டு" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதை நேரில் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு கமக்காரர் அமைப்பு உழவு இயந்திரம் வாங்கத் தீர்மானித்தது. அதற்கு முந்திய நிர்வாகத்தின் மீது, வியாபாரி ஒருவரிடம் தரகு வாங்கியதாக ஒரு கதை எழும்பியிருந்தது. உண்மையா பொய்யா என்று இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. புதிய நிர்வாகத்தில் இருந்த ஐந்து பேரும் நேர்மையானவர்கள், ஆனாலும் எவரும் காசோலையில் கையெழுத்து வைக்க முன்வரவில்லை. மூன்று விலைக்கூறு எடுத்தார்கள். அவை போதாது என்று இன்னும் மூன்று எடுத்தார்கள். முதல் மூன்றும் காலாவதியானதால் மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு காலபோகத்துக்கும் வெளியில் இருந்து வாடகைக்குப் பிடித்துத்தான் உழுதோம். மழை தொடங்கிய பிறகு வாடகை இயந்திரம் வருமட்டும் வரம்பில் காத்து நின்ற நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, கையில் இருந்த காசுக்கு இயந்திரத்தின் பாதிகூட வராது என்ற நிலை வந்தது. பணத்தை ஒருவரும் தொடவில்லை. தொடாமல் இருந்ததினாலேயே அது கரைந்துபோனது.

கணக்குப் பரிசோதகர் வந்தால் வாங்கியதைப் பற்றித்தான் கேட்பார். வாங்காமல் விட்டதற்காக எவரையும் விசாரித்ததை நான் காணவில்லை. விமானத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முள்ளியவளை – ரொறொன்ரோ:

கனடாவைப் பற்றி ஆசிரியர் கேட்டிருந்ததால் சேர்க்கிறேன். இங்கே பிரச்சினை தரகுப் பயத்தைவிடத் தேர்தல் மேடையில்தான் அதிகமாக இருந்தது. 2010 இல் ஹார்ப்பர் அரசாங்கம் போட்டியின்றி அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களில் 65 ஐ வாங்குவதாக அறிவித்து, கொள்வனவுச் செலவு 9 பில்லியன் டொலர் என்றது. 2012 இல் கணக்காய்வாளர் நாயகம் கடுமையான அறிக்கையொன்றை வெளியிட்டார். விமானத்தின் முழு ஆயுட்காலத்துக்கும் எண்ணெய், பராமரிப்பு, ஆளணி அனைத்தையும் சேர்த்து எண்ணியபோது தொகை 45 பில்லியனையும் தாண்டியது. இரண்டு எண்களும் தவறானவை அல்ல, ஒன்று வாங்கும் விலை, மற்றது வைத்திருக்கும் விலை. ஆனால் மக்கள் முதலில் கேட்டது 9 என்பதால் பின்னர் சொன்னது ஏமாற்றாகவே தெரிந்தது. 2015 தேர்தலில் ட்ரூடோ இந்த விமானத்தை வாங்கமாட்டேன் என்று வாக்குறுதி அளித்து வென்றார். இடைக்காலத்துக்கு அவுஸ்திரேலியா பாவித்த பழைய எஃப்-18 விமானங்களை வாங்கினார்கள். கடைசியில் 2023 ஜனவரியில், அதே ட்ரூடோ அரசாங்கம் அதே எஃப்-35 ஐ, 88 என்ற எண்ணிக்கையில், 19 பில்லியன் டொலர் மதிப்பீட்டில் வாங்கியது. 2025 ஜூனில் கணக்காய்வாளர் நாயகம் அந்த மதிப்பீடு 27.7 பில்லியனாக உயர்ந்துவிட்டதென்று அறிவித்தார். 1982 முதல் கனடாவில் பறக்கும் சி.எஃப்-18 விமானங்கள் இன்னமும் பறந்துகொண்டிருக்கின்றன.

நான் இங்கே வரி கட்டுபவன். மறுப்பதற்கு 2015 இலும் நியாயம் இருந்தது, வாங்குவதற்கு 2023 இலும் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இடையில் போன காலத்துக்கான செலவை எந்தக் கட்சியும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை என்பதே என் மனக்குறை.

ஓய்வுபெற்ற அதிபர், ஒட்டுசுட்டான்:

பிள்ளைகளே, எல்லோரும் தாமதத்தை நட்டம் என்றே எழுதுகிறீர்கள். எனக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

நாங்கள் போர் விமானத்தை விலைப்பட்டியலில் அறிந்தவர்கள் அல்லர், நிலத்தில் நின்று அறிந்தவர்கள். கிபிர் (விமானப்படையின் போர் விமானம்) வருகிறது என்று ஒரு பிள்ளை கத்தினால், கரும்பலகையில் எழுதிய சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு, பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் நாற்பது பிள்ளைகளையும் இறக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை முதலில் இறக்குவோம். இரைச்சல் போன பிறகு மேலே வந்து பெயர் கூப்பிட்டு எண்ணுவேன். எண்ணி முடியுமட்டும் என் வாய் உலர்ந்திருக்கும். இன்றும் வானத்தில் பெரிய சத்தம் கேட்டால் என் கை கதவு நிலையைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஒரு நாடு விமானம் வாங்கப் பிந்துவதை எண்ணிக் கவலைப்பட என்னால் இயலாது. அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் போகட்டுமே. சுவிற்சர்லாந்தில் மக்களிடமே வாக்குக் கேட்கிறார்களாம். அதுவும் தாமதம்தான், ஆனால் அந்தத் தாமதம் எனக்குச் சரியாகப் படுகிறது.

வவுனிக்குளம்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நானும் அந்தப் பங்கருக்குள் இருந்த பிள்ளைகளில் ஒருவனாக இருந்திருக்கக்கூடியவன்தான். விமானம் வாங்குவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. என் எழுத்து அப்படித் தொனித்திருந்தால் குறை என்னுடையது.

சுவிற்சர்லாந்தைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 2014 மே மாதத்தில் ஸ்வீடனின் கிரிப்பென் விமானத்தை வாங்கும் திட்டத்தை 53.4 வீதமான வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2020 செப்டெம்பரில், புதிய விமானங்களுக்கு 6 பில்லியன் பிராங் வரை செலவிடலாமா என்று கேட்டபோது 50.1 வீதத்தினர் ஆம் என்றார்கள். நாடு முழுவதிலும் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளே வித்தியாசம். வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது ஒரு முடிவு. அதை நான் தாமதம் என்று கணக்கிடமாட்டேன். நான் குறை சொல்வது, வேண்டாம் என்றும் சொல்லாமல், வாங்கவும் செய்யாமல், பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டும் நிலையைத்தான். அதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சதமும் போவதில்லை. பறக்கும் ஒரு விமானத்துக்கு உதிரிப்பாகம் எடுக்க, பறக்காமல் நிற்கும் இன்னொன்றைக் கழற்றுவதிலும், குறைந்த எண்ணிக்கையை அதிக விலைக்கு வாங்குவதிலும் அந்தப் பணம் போய்விடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒன்றின் விலை ஏறுவது எப்படியென்று மாணவிக்குக் காட்ட அமெரிக்காவின் எஃப்-22 போதும்: தொடக்கத்தில் 750 என்று திட்டமிட்டார்கள், படையில் சேர்ந்தது 187, வடிவமைப்புக்குச் செலவான பெருந்தொகை முழுவதும் அந்தச் சில விமானங்களின் மேல் ஏறியது.

எங்கள் இலங்கையிலும் இதே கதைதான், அளவுதான் சிறியது. கிபிர் விமானங்கள் 1996 இல் வாங்கப்பட்டவை. 2006 இல் நடந்த மிக்-27 கொள்வனவு பற்றிய சர்ச்சை பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2016 ஜனவரியில் பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது ஜே.எஃப்-17 போர் விமானம் பற்றிய பேச்சு அடிபட்டது, இந்தியா அதை விரும்பவில்லை என்ற செய்தியும் கூடவே வந்தது. 2021 இல் ஐந்து கிபிர் விமானங்களை 50 மில்லியன் டொலருக்குப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அறிவித்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், அந்த 50 மில்லியனைப் பற்றிப் பாராளுமன்றத்தில் முன்கூட்டியே ஒரு முழு நாள் விவாதம் நடந்திருக்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பரந்தன் ஆசிரியர்:

எல்லோருக்கும் என் நன்றி, குறிப்பாக அதிபர் அம்மாவுக்கு. ஒரே ஒரு சந்தேகம். தேஜஸ் உள்நாட்டு விமானம்தானே? சொந்தமாகச் செய்யத் தொடங்கிய பிறகும் ஏன் பிந்துகிறது?

வவுனிக்குளம்:

விமானத்தின் உடல் இந்தியாவினுடையது, இயந்திரம் அமெரிக்காவினுடையது. தேஜஸ் திட்டம் தொடங்கியது 1983 இல், முதலில் பறந்தது 2001 ஜனவரியில். அதற்கென்று உருவாக்கப்பட்ட காவேரி இயந்திரம் தேவையான உந்துவிசையைத் தரவில்லை. 2021 இல் 83 விமானங்களுக்கும், அவற்றுக்காக அமெரிக்க நிறுவனமான ஜி.ஈ. இன் 99 இயந்திரங்களுக்கும் கட்டளை கொடுத்தார்கள். அந்தக் கட்டளையின் முதல் இயந்திரம் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். விமானங்களையோ 2024 இலேயே கையளிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இயந்திரம் இல்லாத விமான உடல்கள் பெங்களூரில் காத்து நின்றன. மாங்குளம் தம்பி வரம்பில் நின்றதைப் போன்ற காத்திருப்புத்தான் அது, வாடகைக்குப் பிடிக்க வேறோர் இயந்திரம் அங்கே இல்லை.

பரந்தன் ஆசிரியர்:

விளங்கியது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் இதை எடுக்கிறேன். தம்பியின் உழவு இயந்திரக் கதையில் தொடங்கி, பிறகு 126 க்கும் 36 க்கும் வருவதாக எண்ணியிருக்கிறேன். அதிபர் அம்மாவின் பதிவை, அவர் அனுமதித்தால், அப்படியே வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற அதிபர், ஒட்டுசுட்டான்:

வாசியுங்கள் மகன். அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.