‘பின்னி’ என்று தேடினால் கூடை பின்னுவது வருகிறது, உதவுங்கள்

ஓட்டேரி நூல்:
எங்கள் கொள்ளுத்தாத்தா சென்னையில் பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவர், 1921 வேலைநிறுத்தத்தில் வெளியே நின்றவர் என்று வீட்டில் சொல்வார்கள். அதையே எம்.ஏ. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். மூன்று நாளாக ஒரு பெரிய நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாகோடு மல்லுக்கட்டுகிறேன். தமிழில் ‘பின்னி’ என்று போட்டால் கூடை பின்னுவது, ஸ்வெட்டர் பின்னுவது, எதற்கென்றே தெரியாமல் ஒரு கவிதைத் தொகுப்பு. ஆங்கிலத்தில் ‘பின்னி மில் ஸ்ட்ரைக்’ என்றால் பூஜ்யம். ‘சப்ஜெக்ட்’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்து ‘நார்த் மெட்ராஸ்’ என்றாலும் பூஜ்யம். புத்தகமே இல்லையா, எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா?

ராயபுரத்தான்:
நேரில் போய்க் கேளுங்கள் ப்ரோ, ஐந்து நிமிட வேலை.

ஓட்டேரி நூல்:
போனேன் ப்ரோ. கம்ப்யூட்டரில் பாருங்கள் என்றார்கள்.

அட்டைப்பெட்டி அக்கா:
தம்பி, கேட்டலாக் போடும் வேலையில் பல வருஷம் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். சப்ஜெக்ட் பெட்டி உங்கள் சொல்லைத் தேடாது, இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் போட்ட பொருள்-தலைப்பைத்தான் தேடும். அந்தத் தலைப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து வருபவை, 1898இல் தொடங்கிய பட்டியல். அதில் ‘பின்னி மில் ஸ்ட்ரைக்’ என்றெல்லாம் இருக்காது, ‘ஸ்ட்ரைக்ஸ் அண்ட் லாக்அவுட்ஸ்’, ‘டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ்’, ‘லேபர் யூனியன்ஸ்’ என்றுதான் இருக்கும். அமெரிக்க எழுத்து என்பதால் இந்த லேபரில் ‘யு’ கிடையாது. ஆனால் மெட்ராஸ் லேபர் யூனியன் என்று 1918இல் பின்னி மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சங்கத்தின் பெயரில் ‘யு’ உண்டு. எத்தனை பேர் இந்த ஓர் எழுத்தில் விழுந்திருக்கிறார்கள் தெரியுமா! ஊர்ப் பெயரையும் சென்னை, மெட்ராஸ் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். மில்லை ‘பக்கிங்காம்’, ‘கர்நாட்டிக்’ என்ற முழுப்பெயரில் தேடுங்கள், பின்னி நாம் கூப்பிட்ட பெயர்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். சாதாரணத் தேடலில் உங்கள் விஷயத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரே ஒரு புத்தகத்தைப் பிடியுங்கள். அதன் பதிவைத் திறந்தால் கீழே தலைப்புகள் லிங்க்காக இருக்கும், அதில் ஒன்றைத் தட்டினால் அதே தலைப்புள்ள எல்லாப் புத்தகமும் வரிசையாக வந்துவிடும்.

ராயபுரத்தான்:
அக்கா, தமிழ்ப் புத்தகம் பாதிக்கு அந்தத் தலைப்பே காலியாக இருக்கிறதே?

அட்டைப்பெட்டி அக்கா:
உண்மைதான், அது எங்கள் ஆட்கள் பண்ணிய கோளாறு. அங்கே அலமாரி எண்ணைப் பிடிக்க வேண்டும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறையில் தொழிற்சங்கம் 331.88, வேலைநிறுத்தம் 331.892, தமிழ்நாட்டு வரலாறு 954.82. அந்த எண்ணைத் தேடிவிட்டு ‘பிரவுஸ் ஷெல்ஃப்’ என்று இருந்தால் அதைத் தட்டுங்கள், ரேக் முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது மாதிரி இருக்கும்.

வெளிநாட்டு நூலகத்தில் தேடினால் தமிழ்ப் புத்தகத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும், நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி இல்லை. ‘ச’வுக்கு வெறும் ‘சி’, ‘ழ’வுக்கு வெறும் ‘எல்’, ‘ங்க’வுக்கு ‘என்’னும் ‘கே’யும். ‘சங்கம்’ என்ற சொல்லை ‘எஸ்’ போட்டுத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

வியாசை வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன். திரு.வி.க. அந்த மெட்ராஸ் லேபர் யூனியனில் முன்னால் நின்றவர், தன்வரலாற்றில் அந்தக் காலத்தை எழுதியிருக்கிறார். ஆனால் ‘ஸ்ட்ரைக்ஸ்’ என்று எத்தனை தட்டு தட்டினாலும் அது வராமல் போகலாம். அக்கா சொன்ன லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் விதிப்படி புத்தகத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அந்த விஷயம் இருந்தால்தான் அதற்குத் தலைப்பு போடுவார்கள், இல்லாவிட்டால் வெறும் வாழ்க்கை வரலாறுதான். அதனால் சங்கத்தைத் தொடங்கிய வாடியா, செல்வபதி செட்டியார் என்று ஆள் பெயரிலும் தேடுங்கள் தம்பி.

ஓட்டேரி நூல்:
அக்கா, கிடைத்துவிட்டது! ‘மெட்ராஸ் லேபர்’ என்று ‘யு’ போட்டுத் தேடியதில் ஒன்று வந்தது, அதன் கீழே ‘டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ்’, அதைத் தட்டினால் பதினொன்று. 331.88 ரேக்கில் பதிவே சரியில்லாத இரண்டு தமிழ்ப் புத்தகம், ஒன்றில் அந்த வேலைநிறுத்தத்தின்போது நடந்த புளியந்தோப்புக் கலவரத்துக்குத் தனி அத்தியாயம் இருப்பது உள்ளடக்கத்தில் தெரிகிறது. அதைத்தான் முதலில் படிக்க நினைத்தேன். பார்த்தால் ‘வெளியே உள்ளது’ என்று காட்டுகிறது, திருப்ப வேண்டிய தேதி போன வருஷம்.

ராயபுரத்தான்:
நான் எடுக்கவில்லை ப்ரோ.