பேப்பரில் நம்ம படம், நம்மைக் கேட்காமல்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கடற்காகம்:
இவ்வளவு நாள் ஆகியும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். 2024 பிப்ரவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம்தான் படம் கிடைத்தது. கூட்டம் மொத்தமும் தலையைத் தண்ணீருக்குள் விட்டிருக்க, ஒன்று மட்டும் கழுத்தை நிமிர்த்தி நேராக என்னைப் பார்க்கிறது. இடது ஓரத்தில் ஒரு பட்டுப்போன கருவேலங்குச்சி. அது படத்தில் விழாமல் எடுக்க எவ்வளவோ நகர்ந்து பார்த்தேன், முடியவில்லை. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டேன்.

2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள் இல்லையா? அந்த வாரம் தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்தால் முதலில் கண்ணில் பட்டது அந்தக் குச்சிதான். அப்புறம்தான் பறவை. என் பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டு, கீழே "படம்: நமது நிருபர்". கடைக்காரரிடம் "இது நான் எடுத்த படம்ணே" என்றேன். "அப்படியா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஜூன் மாதம் அங்கே போய்ப் புதிதாக எடுக்கக் கூட்டம் இருக்காது, அவசரத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது, எல்லாம் புரிகிறது. ஒரு போன் பண்ணியிருந்தால் காசு வாங்காமலே கொடுத்திருப்பேன்.

உப்பூரான்:
தேவிபட்டினம் நவபாஷாணம், ஆடி அமாவாசை. கடலுக்குள் குடை பிடித்து நின்ற ஒரு பெரியவரை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். அடுத்த வருஷ ஆடி அமாவாசைக்கு மறுநாள் அதே படம் பேப்பரில், "நேற்று குவிந்த பக்தர்கள்" என்று. பெரியவர் தை மாதமே தவறிவிட்டார். அவர் மகன் எனக்குப் போன் பண்ணி, "எங்கப்பாவ நேத்து எங்கண்ணே பாத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

பாசிக்காரி மகள்:
அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். சின்னப்பாலம் பக்கம் கரையோரத்தில், அப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, விரலில் துணி சுற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுந்த நேரம் போனில் எடுத்தேன். "என் அம்மா" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கை மாறி, பேப்பருக்குப் போய்விட்டது. தலைப்பு: தடையை மீறித் தீவில் பாசி எடுக்கும் பெண்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே இறங்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படத்தில் அம்மா நிற்பது இடுப்பளவுத் தண்ணீரில், நான் எடுத்தது கரையில் நின்று. முகம் பாதி நிழல்தான். ஆனால் சட்டையை வைத்து ஊரே கண்டுபிடித்துவிட்டது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரல் வைத்து "த, டை, யை" என்று படித்து முடித்துவிட்டு, "நீ எதுக்குடி இத அவுககிட்ட குடுத்த?" என்றார். நான் கொடுக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

முன்னாள் நிருபர்:
இந்த மாவட்டத்தில் வெகுகாலம் பகுதிநேர நிருபராக இருந்தவன். கடற்காகம், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எல்லாரும் தெரிந்தே எடுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் ஆனால் "செய்தி வந்துருச்சு, படம் எங்க?" என்று டெஸ்கிலிருந்து போன் வரும். கையில் இருப்பது பத்துக் குழு சுற்றி வந்த ஒரு ஃபார்வர்டு. யார் எடுத்தது என்று விசாரிக்க நேரமும் இருக்காது, கொடுக்கிற காசும் பெட்ரோலுக்குப் போதாது.

நானும் செய்திருக்கிறேன். 2020 டிசம்பர், புரெவிப் புயல். பாம்பனில் படகு ஒன்றோடு ஒன்று மோதிக் கிடந்ததை ஒரு மீனவப் பையன் எடுத்து எனக்கு அனுப்பினான். என் பெயரில் வந்தது. மறுநாள் அவனே பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேப்பர் வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்தைப் பிரித்து, மேலும் கீழும் தேடிவிட்டு, "அண்ணே, எம்பேரு உள்பக்கத்துல இருக்கா?" என்றான்.

உப்பூரான்:
நிருபர் ஐயா, யார் எடுத்தது என்று தெரியாவிட்டால் "நமது நிருபர்" என்று மட்டும் எப்படித் தெரிகிறது? தெரியாது என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாமே. நேரமில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது.

கீழக்கரைவாசி:
பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. அதற்கு முன் நான் எடுத்த படம், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது ஓர் இணைப்பிதழில் வந்தது. மெயில் போட்டேன், பதில் இல்லை. அதோடு என் கதை முடிந்தது.

ஆனால் எல்லாரும் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுத்ததாக இல்லாவிட்டால் முதல் உரிமையாளரும் அவரே. எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. செல்போனில் எடுத்தாலும் அதேதான். எடுத்தவர் உயிரோடு இருக்கும்வரையிலும், அவர் இறந்த பிறகு 60 வருஷமும் உரிமை இருக்கும். நடப்புச் செய்தியைச் சொல்ல நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று 52-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு, பேப்பர்க்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு முந்தைய பூநாரைப் படத்தை அழகுக்குப் போடுவது அதில் சேராது என்பது என் கருத்து. 57-வது பிரிவு இன்னும் முக்கியம். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இது என் படம் என்று கோரும் உரிமை எடுத்தவரிடமே இருக்கும்.

மூல ஃபைலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி, கேமரா விவரமெல்லாம் போய்விடும். பேர் போடுவதென்றால் மூலையில் போடாதீர்கள், நடுவில் போடுங்கள். முதலில் பேப்பரின் ஆசிரியருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு தபால், அதற்கும் அசையாவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு. ஹைட்டி நிலநடுக்கத்தில் டேனியல் மோரெல் எடுத்து 2010-ல் ட்விட்டரில் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி பட நிறுவனமும் அவரைக் கேட்காமல் விநியோகித்தன. அவர் விடவில்லை. 2013-ல் நியூயார்க்கில் ஜூரி 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நாம் ஒரு தபால்கூடப் போடுவதில்லை.

பாசிக்காரி மகள்:
நன்றி அண்ணே, பிரிவு எண்ணெல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால் என் பெயர் வராததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தத் தலைப்பு தப்பு என்று மறுநாள் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அம்மா அந்தச் சட்டையை அப்புறம் போடவே இல்லை. இப்போது தம்பியின் பனியனைப் போட்டுக்கொண்டு போகிறார், முழங்கையெல்லாம் பாறை கிழித்து வருகிறார்.

முன்னாள் நிருபர்:
தங்கச்சி, அந்தப் பேப்பரின் தேதியை எனக்குத் தனியாக அனுப்பு. திருத்தம் போடச் சொல்லி யாரிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும், கூடவே வருகிறேன்.

உப்பூர்த் தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று ராத்திரி பழைய போனைச் சார்ஜில் போட்டுப் பார்த்தேன். பாம்பன் பையன் அனுப்பிய படம் அதில் இருக்கிறது, நம்பரும் இருக்கிறது. கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. கடலுக்குப் போயிருப்பான். காலையில் மறுபடி கூப்பிடுகிறேன்.