எதிரொலி ஒடுக்கி வேறு, எதிரொலி நீக்கி வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைபேசியில் வேண்டிய அழைப்புகளுக்கு மட்டும் எதிரொலியை நீக்கும் ‘செலக்டிவ் எக்கோ கேன்சலேஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் ஐயா முன்வைத்த ‘தேர்ந்த எதிரொலி அடக்கம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காப்புரிமை வழக்கு பற்றிய கட்டுரைக்கு வேண்டிய சொல் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொலைபேசியில் எதிரொலியைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. பழையது எக்கோ சப்ரஸர். ஒருவர் பேசும்போது, அவரிடம் ஒலி திரும்பி வரும் பாதையை அது அடைத்துவிடும். இருவரும் சேர்ந்து பேசினால் ஒருவர் பேச்சு வெட்டுப்படும். குரல் போய்ச்சேரவே கால் நொடி பிடிக்கும் செயற்கைக்கோள் அழைப்புகளில் இது பெருந்தொல்லை. இன்னொன்று எக்கோ கேன்சலர். அது பாதையை அடைப்பதில்லை. வீட்டுத் தொலைபேசியின் இருகம்பி இணைப்பும் நெடுந்தொலைவு நான்குகம்பி இணைப்பும் சேரும் ஹைபிரிட் என்ற சந்திப்பில் குரல் எப்படிக் கசிகிறது என்று கணித்து, அந்த எதிரொலிக்கு ஒரு நகல் செய்து, வரும் ஒலியிலிருந்து கழித்துவிடும். பெல் ஆய்வகத்தின் கெல்லி, லோகன் இருவர் பெயரிலான 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமை (அமெரிக்க எண் 35,00,000) இந்த இரண்டாம் வகைக்கானது.

வழக்கு என்று வந்தால், காப்புரிமையில் எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கையின் ஒவ்வொரு சொல்லும் எடை போடப்படும். உலர்சலவைத் துணிகளைக் கண்காணிக்கும் முறை பற்றிய மார்க்மன் வழக்கு, ‘இன்வென்டரி’ (இருப்பு) என்ற ஒரே சொல்லின் பொருளில்தான் நின்றது. அப்படிப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, ஜூரியின் வேலையல்ல என்று 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைக்கும் கருவிக்கும் கழிக்கும் கருவிக்கும் நாம் ஒரே ‘அடக்கம்’ போட்டால், வாதி என்ன கேட்கிறார், பிரதிவாதி எதை மறுக்கிறார் என்றே வாசகருக்குப் புரியாது.

‘தேர்ந்த’ என்பதும் இடிக்கிறது. தேர்ந்த ஓவியர் என்பதுபோல, திறமையான நீக்கம் என்று படிக்கத் தோன்றும். இங்கே சொல்ல வருவது, எந்த அழைப்புக்கு நீக்கியை இயக்குவது, எதற்கு விடுவது என்பதை. கணினித் தரவைத் தொலைபேசி வழியே அனுப்பும் மோடம் பேசும் இணைப்பில் நீக்கி குறுக்கே நிற்கக் கூடாது. அதனால் மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, 450 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்த ஒலியலையின் கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிப்போடும், நீக்கி விலகிக்கொள்ளும். கட்டம் திரும்பாத வெறும் 2100 ஹெர்ட்ஸ் என்றால் சப்ரஸர் மட்டும் விலகும். தொலைபேசித் தரநிலையே இரண்டையும் இப்படிப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

ஆகவே சப்ரஸருக்கு ‘எதிரொலி ஒடுக்கி’, கேன்சலருக்கு ‘எதிரொலி நீக்கி’. ‘கழிப்பி’ பொருளுக்கு நெருக்கம்தான், ஆனால் கழிப்பறை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. செலக்டிவுக்கு இலங்கை வழக்கிலுள்ள ‘தெரிவு’ நல்லது. ‘தேர்வு’ என்றால் தமிழ்நாட்டில் பரீட்சை என்று ஆகிவிடும். ‘தெரிவுமுறை எதிரொலி நீக்கம்’ என்று வைக்கலாம்.

அப்புறம், இருவரும் ஒரே நேரத்தில் பேசும் ‘டபுள் டாக்’குக்கு ‘உடன்பேச்சு’ சரியாக வருமா? இந்தக் கட்டுரையில் அதுவும் அடிக்கடி வரும்.