உளவுத்துறை கோட்டை விட்ட கதைகள்: நீங்கள் படித்ததில் எது?

தாள்புரட்டி:
இந்த விஷயத்தில் நையாண்டி நாவலையும் விசாரணை அறிக்கையையும் சோடி சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா' (1958) நாவலில் வாக்குவம் கிளீனர் விற்கிறவர் பிரிட்டிஷ் உளவாளி ஆகிறார். இல்லாத ஆட்கள் பேரில் சம்பளம் கறக்கிறார். கிளீனரின் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலைக்குள் ரகசிய ஆயுதம் என்று அனுப்புகிறார். லண்டனும் நம்புகிறது! கிரீன் பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6-ல் வேலை பார்த்தவர்தான், இருந்தாலும் ரொம்பத்தான் ஓட்டுகிறாரே என்று தோன்றும்.

அடுத்து சில்காட் அறிக்கையைத் திறந்தேன். இராக் போரில் பிரிட்டன் இறங்கியது பற்றி 2016 ஜூலையில் வந்தது. மொத்தம் 26 லட்சம் சொற்கள். முழுசாகப் படித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உளவுத் தகவல் பற்றிய பகுதி போதும். இராக்கியர்கள் ரசாயன ஆயுதத்தைக் கண்ணாடி உருண்டைகளில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆள் எம்ஐ6-க்குத் தகவல் கொடுக்கிறார். 1996-ல் வந்த 'தி ராக்' படத்திலும் அப்படித்தானே காட்டுகிறார்கள் என்று பிறகு யாரோ கேட்கிறார்கள். ஆள் பொய் சொல்கிறார் என்று 2003 பிப்ரவரியிலேயே எம்ஐ6 முடிவுக்கு வந்துவிட்டது. தகவலை முறைப்படி திரும்பப் பெற்றது ஜூலையில். நடுவில், மார்ச்சில், போரே தொடங்கிவிட்டது. கிரீன் அடக்கித்தான் வாசித்திருக்கிறார்.

நள்ளிரவுவாசகி:
செப்டம்பர் 11 கமிஷன் அறிக்கை (2004). அரசாங்க அறிக்கை ஒன்று அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியல் வரை போனது என்றதால் வாங்கினேன். விமானக் கடத்தல் அத்தியாயம் திகில் நாவல் மாதிரி ஓடும், அதை எல்லோரும் சொல்வார்கள். என்னைத் தூங்கவிடாதது எட்டாம் அத்தியாயம். கடத்தியவர்களில் இருவர் 2000 ஜனவரியிலேயே அமெரிக்காவுக்குள் வந்துவிட்டார்கள். சிஐஏவுக்கு அவர்களைத் தெரியும். கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில்! 'அது எங்க செக்‌ஷன் இல்ல' என்று ஃபைலைத் தள்ளிவிடும் இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு இதில் வில்லனாகத் தெரிந்தது பின்லேடன் மட்டும் இல்லை.

சும்மாவந்தவன்:
எரிக் ஷ்லாசரின் 'கமாண்ட் அண்ட் கன்ட்ரோல்'. 1980 செப்டம்பரில் அமெரிக்காவின் அர்கன்சாஸில் ஏவுகணைக் கிடங்கு ஒன்றில் பராமரிப்பு வேலை நடக்கிறது. ஒரு ஆளின் கையிலிருந்து ஸ்பேனர் சாக்கெட் நழுவிக் கீழே விழுந்து எரிபொருள் தொட்டியை ஓட்டை போடுகிறது. மறுநாள் விடிவதற்குள் கிடங்கு வெடித்துச் சிதறுகிறது. அணுகுண்டுத் தலைப்பகுதி வெளியே போய் விழுந்தது, நல்லகாலம், வெடிக்கவில்லை. இதைப் படித்த கையோடு, அணுகுண்டுப் போரை நையாண்டி செய்யும் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே விழுந்து விழுந்து சிரித்த படம்தான். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பழையபேப்பர்:
எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே! கார்கில் ஆய்வுக் குழு அறிக்கையை யாரும் தொடவில்லையா? கே. சுப்பிரமணியம் தலைமையில் 1999-ல் போட்ட குழு. பாதுகாப்பு கருதிப் பல இடங்களை நீக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். விஷயம் சூடு பிடிக்கும்போது வரி காணாமல் போகும். முதலில் எரிச்சலாக இருந்தது, போகப்போக நீக்கிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பதே ஒரு சுவாரசியம். உளவு அமைப்புகள் பல இருந்தும், எல்லாருடைய தகவலையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கச் சரியான ஏற்பாடு இல்லை என்று அதில் சொல்கிறார்கள். மேலே நள்ளிரவுவாசகி சொன்ன அதே வியாதி.

நையாண்டிக்கு சோவின் 'முகமது பின் துக்ளக்'. 1968-ல் நாடகம், 1971-ல் படம். பாதுகாப்புத் துறைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் கல்லறையிலிருந்து எழுந்து வந்த சுல்தான் என்று ஒருத்தன் சொல்ல, ஆளை யாரென்று விசாரிக்க வேண்டியவர்களே அவனைப் பிரதமர் நாற்காலி வரை கொண்டுபோய் விடுகிறார்கள். தாள்புரட்டி, உங்கள் கண்ணாடி உருண்டைக்கு இதையும் சோடி சேர்த்துக்கொள்ளலாம்.