டிசம்பரில் அம்மாவோடு டெல்லி: போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். காட்பாடியில் இருக்கிறோம். அரையாண்டு லீவில் அக்கா வீட்டுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் டெல்லி கூட்டிப்போகிறேன். கேரளா எக்ஸ்பிரஸ் இங்கேயே நிற்பதால் சென்னைக்கு அலைய வேண்டாம். 60 நாள் முன்பே டிக்கெட்டும் போட்டாயிற்று.

கவலையெல்லாம் குளிர்தான். வேலூர் வெயிலிலேயே வளர்ந்த அம்மாவிடம் இருப்பது ஒரே ஒரு சால்வை. மூட்டுவலி வேறு. தெர்மல் உடையை வேலூரில் எங்கே வாங்கலாம்? இல்லை, அங்கே போய் சரோஜினி நகரில் வாங்குவதுதான் லாபமா? திரும்பும்போது பனிமூட்டத்தில் ரயில் எவ்வளவு தாமதமாகும்? பள்ளி திறப்பதற்குள் வந்தாக வேண்டும்.

அப்புறம், அக்கா கேட்டது ஆற்காடு மக்கன் பேடாவும் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும். (எங்களைவிட அதற்குத்தான் காத்திருக்கிறாள்!) ஜீரா பையில் ஒழுகாமல், காய் வாடாமல் கொண்டுபோனவர்கள் யாராவது உண்டா?